பழைய ஃப்ளாட்டை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நங்கநல்லூரில் 2004இல் கட்டிய அடுக்குமாடியில் முதல் மாடி, இரண்டு பெட்ரூம், 900 சதுர அடி. கேட்டவரின் அப்பா அம்மா பெங்களூருக்கு அவரோடு போய்விட்டார்கள். வீடு சாமான்களோடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. விற்பதற்கு முன் வீட்டை அலங்கரித்துக் காட்டும் 'ஹோம் ஸ்டேஜிங்' செய்யணுமா? மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் விலை ஏறும் என்பது மனைவியின் கருத்து. "ஒண்ணும் வேணாம் சார், அப்படியே முடிச்சிடலாம்" என்பது தரகரின் கருத்து. யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். நான் சிவில் இன்ஜினியர். பழைய வீடு வாங்குகிறவர்களோடு கூடப் போய் வீட்டையும் பத்திரத்தையும் பார்த்துச் சொல்வது என் வேலை. அதாவது உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்து எது கண்ணில் படுகிறது, எது படவே படாது என்பதைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

ஸ்டேஜிங் என்பது 1970களில் அமெரிக்காவில், சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்ற வீட்டு விற்பனை முகவர் பிரபலப்படுத்திய முறை. வீட்டுக்காரரின் சாமான்களைக் குறைத்து, சோபாவையும் விளக்கையும் இடம் மாற்றி வைத்து, வருகிறவர் தன்னை அந்த வீட்டில் குடியிருப்பவராக நினைத்துப் பார்க்க வைப்பது. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் ஒரு குடும்பம் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை. முதலில் கணவனோ மனைவியோ ஒருவர் வருவார். அப்புறம் பெற்றோரோடு வருவார்கள். அப்புறம் வாஸ்து பார்ப்பவரோடு, அல்லது என்னைப் போல ஒருவரோடு வருவார்கள். முதல் தடவை சோபா கண்ணில் படும். மூன்றாவது தடவை யாரும் சோபாவைப் பார்ப்பதில்லை, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

வாங்குகிறவர் கையில் பணம் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக 56 லட்சம் கடன், 14 லட்சம் கைப்பணம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது இன்னும் 6 லட்சத்து 30 ஆயிரம். தரகு, வக்கீல், வங்கிச் செலவு எல்லாம் அதற்கு மேல். ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து வெளியே வரும்போது அந்தக் குடும்பத்தின் சேமிப்பு ஏறக்குறையக் காலி. பால் காய்ச்சிக் குடிபோன கையோடு பாத்ரூம் தரையை உடைக்க அவர்களிடம் காசு இருக்காது. அதனால்தான் ஓதம் காத்த ஒரு சுவரைப் பார்த்ததும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவைப் போலப் பல மடங்கைப் பேரத்தில் குறைக்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று தெரியாது, எங்கே போய் நிற்கும் என்ற பயம் வேறு.

இன்னொன்று. கடன் தரும் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் பார்ப்பது பரப்பளவு, யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு, கட்டடத்தின் வயது, கட்டுமானத் தரம், அக்கம்பக்கத்து விலை. புது ஃபால்ஸ் சீலிங் அந்தத் தாளில் எண்ணாக மாறுவதே கிடையாது. மதிப்பு குறைவாக வந்தால் கடன் குறையும், மீதியை வாங்குகிறவர் கையிலிருந்து போடணும். உங்கள் வீட்டின் விலைக்கு ஒரு கூரை உண்டு, அதை அலங்காரத்தால் உயர்த்த முடியாது. ஆனால் ஒழுகலும் வாடையும் கரையானும் அந்தக் கூரையிலிருந்து விலையை நன்றாகவே கீழே இழுக்கும். ஆகவே, குடிவந்த முதல் மாதத்தில் வாங்குகிறவரின் கையைக் கடிக்கக்கூடிய வேலைகளுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். மற்றதெல்லாம் வெறும் உழைப்பு, சோப்பு, ஒட்டடைக் குச்சி.

முதல் இடம் ஓதத்துக்கு. இருபது வயதான சென்னை ஃப்ளாட்டில் நான் நேராகப் போய் நிற்கும் இடம், பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவர். பெரும்பாலும் அங்கே ஒரு பீரோ நிற்கும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தடவிப் பார்ப்பேன். விரலில் மாவு போல வெள்ளையாக ஒட்டினால் உப்புப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும், நகத்தால் தொட்டால் உதிரும். பாத்ரூம் தரையில் டைல்ஸ் இடுக்கு விட்டுப்போய், தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவர் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது. இதன் மேல் நேரடியாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் மறுபடி பூத்துவிடும். புது பெயின்ட்டில் உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கும் பார்ட்டி, அதாவது வாங்க வந்தவர், "மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்" என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். சந்தேகமான சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. பாத்ரூமிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க, தண்ணீர் போகும் வழியைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் மாடி என்பதால் கீழ்வீட்டுக்காரரைக் கேட்டாலே போதும், அவர் வீட்டு பாத்ரூம் கூரை சொல்லிவிடும். சின்னக் கசிவு என்றால் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, எபாக்சி கிரவுட் என்ற தண்ணீர் புகாத பசையை அடைத்தாலே நிற்கும். நிற்கவில்லை என்றால் தரையை எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்து புது டைல்ஸ் போடுவதுதான் வழி. இந்த ஒரு வேலைக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். பில்லையும் வேலை நடக்கும்போது எடுத்த ஃபோட்டோவையும் வைத்திருங்கள், வாங்குகிறவரிடம் நீங்களே எடுத்துக் காட்டலாம்.

உங்கள் பாத்ரூம் கூரையில் கறை இருந்தால் அது மேல்வீட்டுக் கசிவு. அதற்கு மேல்வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், பேச்சுவார்த்தைக்கு நாள் பிடிக்கும். அதனால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இந்தப் பேச்சை ஆரம்பியுங்கள், தேவைப்பட்டால் அசோசியேஷனையும் கூட வைத்துக்கொண்டு.

காலம் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் யாரும் டோக்கன் எனும் முன்பணம் கொடுக்கமாட்டார்கள், மார்கழியில் ரிஜிஸ்தர் வைக்கமாட்டார்கள், தை பிறந்ததும் கூட்டம் வரும். இடையில் ஐப்பசி, கார்த்திகை மழை. இதை உங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம். கசிவு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பெயின்ட் அடிக்காமல் விட்டு வையுங்கள். மழை நின்ற பிறகும் சுவர் காய்ந்தே இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. மார்கழிக் கடைசியில் பெயின்ட், தையில் விளம்பரம். ஈரச் சுவரில் பெயின்ட் பிடிக்காது என்பதால் எப்படியும் மழையில் அடிக்கக் கூடாது.

அடுத்தது வாடை. பூட்டிய வீட்டுக்கென்றே ஒரு வாடை உண்டு, அதில் பாதி எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. பாத்ரூம் தரையிலும் வாஷ்பேசினுக்குக் கீழும் தண்ணீர் போகும் குழாயில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் இரண்டு அங்குலம் அளவுக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் அது ஆவியாகிப் போய்விடும். அப்புறம் தெருவிலிருக்கும் சாக்கடைக்கும் உங்கள் ஹாலுக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. கரப்பானும் அந்த வழியாகத்தான் வரும். மருந்தே வேண்டாம். தரையில் தண்ணீர் போகும் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், சிங்க்கையும் கழிவறையையும் மறக்காமல். ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயை மேலே விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. பக்கத்து வீட்டில் சாவி இருந்தால் வாரம் ஒரு தடவை ஊற்றச் சொல்லுங்கள். பாச்சை உருண்டையையும் ரூம் ஃப்ரெஷ்னரையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை, எதை மூடப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் எழுப்பும். ஜன்னல்களை இரண்டு நாள் திறந்து வைத்தால் போதும்.

தண்ணீர்: சென்னையில் வீடு பார்க்க வருகிற யாரும் ஒரு குழாயையாவது திறக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. 2019 கோடையைக் கண்ட ஊர் இது. பார்ட்டி வருவதற்கு முன் மோட்டார் போட்டு மேல் டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியே கிடந்த குழாயை முதலில் திறந்தால் துருத் தண்ணீர் வரும். அது போகும்வரை நீங்களே ஓட விடுங்கள். போர் எத்தனை அடி, மே மாதத்தில் எப்படி, மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, லாரி வாங்குவீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். இதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கணும்.

இப்போது சாமான்கள். இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் பாத்திரங்கள், அப்பாவின் ஃபைல்கள், ஷோகேஸில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், தாத்தா பாட்டி படம், பரண் நிறைய அண்டா, கொலு பொம்மைப் பெட்டி. உங்களுக்கு இது ஆயுள் முழுக்கச் சேர்த்தது. வருகிறவருக்கு இது அடுத்தவர் வீடு. மாலை போட்ட படங்களுக்குக் கீழே நின்று, "இந்தச் சுவரில் நம்ம டிவியை மாட்டலாமா" என்று பேச யாருக்கும் கூச்சமாக இருக்கும். அப்பா அம்மாவை ஒரு தடவை அழைத்து வந்து, எதெல்லாம் பெங்களூருக்கு வரணும் என்று அவர்களே எடுத்து வைக்கட்டும். படங்களும் பூஜைச் சாமான்களும் முதல் வண்டியில் போகட்டும். அவசரப்படுத்தாதீர்கள். தெரியாத ஆள் வந்து பார்க்கும்போதுதான் அவர்களுக்கு வீடு போகிறது என்பதே உறைக்கும். அதற்கு முன்னாலேயே அவர்கள் கையால் விடைபெற்றுக்கொள்வது நல்லது. மீதியில் நல்லதைச் சொந்தக்காரர்களுக்கும் வேலை செய்த அம்மாவுக்கும் கொடுங்கள், பழைய பேப்பரையும் இரும்பையும் காயலான் கடைக்குப் போடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடவும் வேண்டாம். காலி அறை கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும், ஒட்டடையும் ஆணி ஓட்டையும் மட்டும் பெரிதாகத் தெரியும். பத்துக்குப் பத்து பெட்ரூமைக் காலியாகப் பார்க்கிறவர், "கட்டில் போட்டா நடக்க இடம் இருக்குமா?" என்று கேட்பார். ஐந்துக்கு ஆறரை அடி குயின் சைஸ் கட்டில் ஒன்று அங்கே கிடந்தால், பக்கத்தில் பீரோவும் வைத்து நடக்கவும் இடம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார். ஆக ஓர் அறைக்கு ஒரு கட்டில், ஹாலில் ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேஜை. அவ்வளவு போதும், இருப்பதிலேயே நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். சாமான் வாடகைக்குத் தரும் கம்பெனிகள் இங்கேயும் உண்டு. உங்கள் விலை வரம்பில் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கோடிகளில் விற்கும் வில்லாவுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். பால்கனியை மட்டும் துடைத்துக் காலி பண்ணுங்கள். பழைய சைக்கிள், உடைந்த வாளி, காய்ந்த பூந்தொட்டி இல்லாத பால்கனி ஓர் அறைக்குச் சமம்.

பெயின்ட் அவசியம் அடியுங்கள், ஆனால் விலை உயர்ந்த ரகம் வேண்டாம். சாதாரண எமல்ஷன், வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம், கூரைக்கு வெள்ளை. ஹாலில் ஒரு சுவர் மட்டும் ஊதாவோ ஆரஞ்சோ அடித்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பெயின்டர் சொல்லும் சதுர அடிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி: சுவரும் கூரையும் சேர்ந்து, உள்ளே இருக்கும் தரைப் பரப்பைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும். 900 சதுர அடி என்று பத்திரத்தில் இருந்தாலும் உள்ளே தரை 720 என்று வைத்தால், 2,200க்கும் 2,500க்கும் நடுவில் வரணும். 3,500 என்று சொன்னால் டேப்பைப் பிடித்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கதவு, ஜன்னல் கிரில்லுக்கு எனாமல் தனிக் கணக்கு. கிரில்லை விட்டுவிடாதீர்கள், துருப்பிடித்த கிரில் வீட்டின் வயதைக் கூட்டிக் காட்டும்.

மாடுலர் கிச்சன் வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சமையலறை என்பது வாங்குகிற குடும்பம் தன் இஷ்டத்துக்கு மாற்றும் முதல் இடம். நீங்கள் போட்ட நிறமும் அலமாரியும் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால், போட்ட காசு அப்படியே போயிற்று. அதற்குப் பதில் கிரானைட் மேடையைக் காலி பண்ணி எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேயுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கழுவுங்கள். சிங்க் குழாய் சொட்டினால் குழாயையே மாற்றிவிடுங்கள். மேடைக்குக் கீழே சிமெண்ட் தட்டுகள் திறந்தபடி இருந்தால் பரவாயில்லை, அங்கே கரப்பான் எச்சம் இல்லாமல் இருந்தால் போதும். பரண் கதவையும் கதவு நிலைகளையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டாலோ மண் கோடு ஓடியிருந்தாலோ கரையான். மருந்தடித்து, அரித்த பலகையை மாற்றுங்கள். இதையும் நான் வந்தால் தட்டிப் பார்ப்பேன்.

பாத்ரூமில் போர் தண்ணீரின் உப்புக் கறை இருக்கும். கடையில் கிடைக்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். அது டைல்ஸ் இடுக்கின் சிமெண்ட்டைத் தின்றுவிடும், அந்த வழியாகக் கசிவு மறுபடி ஆரம்பிக்கும். குழாய்க்கும் டைல்ஸுக்கும் வினிகரோ எலுமிச்சையோ நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் நன்றாகவே போகும். கிரானைட், மார்பிளில் மட்டும் புளிப்பான எதுவும் பட வேண்டாம். கழிவறை மூடியும் ஃப்ளஷ்ஷும் பழசாயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எரியாத விளக்கு, ஆடும் ஃபேன், கிறீச்சிடும் கீல், விழாத தாழ்ப்பாள், மழையில் ஊறி இறுகிய ஜன்னல், கிழிந்த கொசுவலை எல்லாம் எலக்ட்ரீஷியனுக்கும் தச்சருக்கும் ஒரு நாள் வேலை. எல்லா அறையிலும் ஒரே மாதிரி வெளிச்சமான எல்இடி போடுங்கள்.

உங்கள் கதவுக்கு வெளியே இருப்பதும் உங்கள் வீடுதான். படிக்கட்டு, தபால் பெட்டி, கார் நிறுத்துமிடத்தில் யாரோ விட்டுப்போன ஸ்கூட்டர், மீட்டர் பெட்டிக்கு மேல் தொங்கும் ஒயர். அசோசியேஷன் செயலாளரிடம் பேசி, அடுத்த மாதத்துக்குள் படியைக் கழுவச் சொல்லுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் வீடு விற்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். விவரமான பார்ட்டி திரும்பிப் போகும்போது வாட்ச்மேனிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்.

இனி, எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தரும் ஒரு வேலை: பத்திர ஃபைல். இதற்கு ஜெராக்ஸ் செலவு மட்டும்தான். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, குடிநீர், கழிவுநீர் வரி ரசீது, வீட்டுக் கடன் இருந்திருந்தால் முடித்ததற்கான வங்கிக் கடிதம், அசோசியேஷனிடம் பாக்கியில்லை என்ற கடிதம். ஒரு செட் நகல் எடுத்து, வரிசையாகப் பட்டியல் ஒட்டி வையுங்கள். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நங்கநல்லூர் 2011 வரை ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது, அப்புறம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய வரி ரசீதில் ஒரு எண், புதியதில் வேறு எண் இருக்கும். இரண்டையும் ஃபைலில் வைத்தால் வாங்குகிறவரின் வக்கீல் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும். ஆலந்தூர் நகராட்சி, மக்களிடம் வைப்புத்தொகை வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்ட ஊர். அந்த ரசீது அப்பாவின் பழைய ஃபைலில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். கழிவுநீர் இணைப்பு முறையாக வாங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பத்திரம் அப்பா பெயரில் மட்டுமா, அம்மாவும் சேர்ந்தா, பெயரின் எழுத்து ஆதாரிலும் பத்திரத்திலும் ஒன்றா என்பதையும் இப்போதே பாருங்கள். டோக்கன் வாங்கிய பிறகு திருத்தப் பத்திரத்துக்கு ஓடினால், அந்த இடைவெளியில் வாங்குகிறவரின் மனசு மாறிவிடும்.

வாஸ்துவுக்காக எதையும் இடித்து மாற்றாதீர்கள். தென்கிழக்கில் அடுப்பு இல்லை என்றால் இல்லைதான். நம்புகிறவர் அதற்கேற்ற வீட்டைத் தேடிப் போவார், பொருட்படுத்தாதவர் வாங்குவார். திசை குறித்த தள வரைபடம் ஒன்றை மட்டும் விளம்பரத்தோடு போட்டுவிடுங்கள், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

ஃபோட்டோவைத் தரகர் கையில் விடாதீர்கள். பெயின்ட் முடிந்த பிறகு, வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தில், திரையை விலக்கி, விளக்கையும் போட்டு, அறையின் மூலையில் நின்று மார்பு உயரத்தில் ஃபோனைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுங்கள். அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம். ஃபோட்டோவில் பதினைந்து அடியாகத் தெரிந்த ஹால் நேரில் பதினொன்றாக இருந்தால், வருகிறவர் ஏமாற்றத்தோடுதான் உள்ளே கால் வைப்பார். பாத்ரூம் படமும் போடுங்கள், அது இல்லாத விளம்பரத்தைப் பெண்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள், நியாயம்தான்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இதுதான்: எதையும் மறைக்காதீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்து அது விற்கிறவருக்குத் தெரிந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே வகைப்படுத்துகிறது. ஓதச் சுவரைப் பலகையால் மூடுவதும், விரிசல் விட்ட கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவதும் அலங்காரம் இல்லை. வாங்குகிறது ஒரு குடும்பம், இருபது வருஷம் தவணை கட்டப்போகிறது. ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றி நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: பழைய வீட்டில் புதிதாக ஒன்றைப் பார்த்தால், ஒரு விளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கணும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2015 டிசம்பரில் தெருவில் தண்ணீர் வந்ததா, 2023 டிசம்பரில் எப்படி என்று கட்டாயம் கேட்பார்கள். வந்திருந்தால் எவ்வளவு உயரம், கார் நிறுத்துமிடத்தில் நின்றதா, மோட்டாருக்கும் மீட்டருக்கும் என்ன ஆயிற்று, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று சொல்லுங்கள். விமானச் சத்தம் உண்டு என்றால் உண்டு. கூடவே மெட்ரோ ரயில் நிலையம் எத்தனை நிமிஷ நடை என்பதையும் சொல்லுங்கள். குறையை நீங்களே சொன்னால், நிறையைச் சொல்லும்போது நம்புவார்கள். இதை நான் எதிர்ப்பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வீடு காட்டும் நாளில் உங்களில் ஒருவர் அங்கே இருப்பது நல்லது. சனி, ஞாயிறுகளில் நேரம் ஒதுக்கி, ஒரு பார்ட்டிக்கும் அடுத்த பார்ட்டிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மேற்கு பார்த்த பெட்ரூம் என்றால் காலையில் காட்டலாம். மாலை வெயில் விழும் என்பதைச் சொல்லிவிட்டே காட்டுங்கள். கூடவே நடந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்காமல், சுற்றிக் காட்டிவிட்டு அவர்களைப் பத்து நிமிஷம் தனியாக விடுங்கள். கணவனும் மனைவியும் ஜன்னல் பக்கம் நின்று மெதுவாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.

ஃபேன், ஏசி, கீசர், அலமாரி, கட்டில் இவற்றில் எதெல்லாம் விலையில் அடங்கும் என்று விளம்பரத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கொண்டுபோகப் போவதை ஃபோட்டோ எடுப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். முடிவானதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், ரிஜிஸ்தர் அன்று ஏசிக்காக மனஸ்தாபம் வேண்டாம். வரிக் கணக்கில், பெயின்ட், சில்லறை மராமத்துச் செலவுகளை மூலதன ஆதாயத்திலிருந்து, அதாவது விற்றதில் வந்த லாபத்திலிருந்து, கழிக்க முடியாது, தரகுக் கட்டணத்தைக் கழிக்கலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால் 12.5 சதவீதமா, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் இன்டெக்சேஷனோடு 20 சதவீதமா, எது உங்கள் அப்பாவுக்குக் குறைவு என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பார்ட்டிகள் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, யாருமே இரண்டாவது தடவை வரவில்லை என்றால் கோளாறு வீட்டில் இல்லை, விலையில் இருக்கிறது. அதே தெருவில் அண்மையில் கைமாறிய ஃப்ளாட்டுகளின் யூடிஎஸ்ஸையும் வயதையும் உங்களுடையதோடு ஒப்பிட்டு விலையைத் திருத்துங்கள். அந்தக் கட்டத்தில் தரகர், "கிச்சனைக் கொஞ்சம் மாத்திடலாம் சார்" என்று ஆரம்பித்தால் கேட்காதீர்கள்.